சல்சாவைத் திட்டுகிறவர்களே, பொல்லடியைக் கடைசியாக எந்தக் கலியாணத்தில் பார்த்தீர்கள்?



கொழும்பில் ஏதோ ஒரு ஹோட்டல் மாடியில் நடந்த சல்சா இரவின் வீடியோ ஒன்று இரண்டு கிழமையாக நம்மூர் வட்சப் குறூப்புகளில் சுற்றுகிறது. அதில் ஆடுகிறவர்களில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்களாம். இருக்கிறார்களா இல்லையா என்று தேடுவது எங்கள் வேலையில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, பத்துக் குறூப்புக்கு அனுப்புவது எந்த மார்க்கத்தில் வந்த பழக்கம் என்று அனுப்பியவர்களே சொல்லட்டும்.

நாங்கள் எழுத வந்தது அதற்குக் கீழே விழுந்த கொமண்டுகளைப் பற்றி. "கியாமத்தின் அடையாளம்" என்று எழுதியவர்களை விடுவோம். அதைவிடக் கூடுதலாக வந்தது வேறொன்று: "எங்களுக்கெண்டு பொல்லடி இரிக்கிற நேரம் இந்தக் கூத்து என்னத்துக்கு?"

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. லைக்கும் நிறைய விழுந்திருக்கிறது. அப்படி எழுதியவர்களிடமும் லைக் போட்டவர்களிடமும் எங்களுக்கு ஒரேயொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் கடைசியாக எந்தக் கலியாணத்தில் பொல்லடி பார்த்தீர்கள்? பாடசாலைத் திறப்பு விழாவைச் சொல்லவேண்டாம், பிரதேச செயலகத்தின் கலாசார விழாவையும் சொல்லவேண்டாம். கலியாணத்தில், கத்னா வீட்டில், பெருநாள் இரவில். உங்கள் மகனின் கலியாணத்தில் ஆடினார்களா? உங்கள் மருமகன் வந்த அன்று பொல்லுச் சத்தம் கேட்டதா?

இதைக் கேட்கிற நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மூன்று ஆசிரியர்கள், ஒரு மேசன், ஓட்டோ ஓடுகிற இரண்டு பேர், மீன் வியாபாரம் செய்கிற ஒருவர், ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பையன்கள் சிலர். எல்லாருக்கும் மேலே எழுபது தாண்டிய எங்கள் அண்ணாவியார். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கூடிப் பொல்லடி பழகுகிறோம். ஆள் குறைந்தால் ஆட்டம் இல்லை, பேச்சு மட்டும்தான். அப்படிப் பேச்சோடு முடிந்த சனிக்கிழமைகள்தான் கூட.

முதலில் சல்சாவைப் பற்றி. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிற ஆட்டம் நமக்குரியதில்லை. அதில் எங்களுக்கு வாதம் எதுவும் இல்லை, யாரையும் அங்கே போகச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒன்றைத் திட்டுவதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொண்டு திட்டுவது நல்லது. கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த 'சொன்' என்ற நாட்டுப்புற இசையிலிருந்து கிளைத்தது அது. (அங்கேயும் கிழக்குத்தான்.) 1960களிலும் 70களிலும் நியூயோர்க்கில் குடியேறி வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோக்காரரும் கியூபாக்காரரும் அதை வேறு இசைகளோடு கலந்து வளர்த்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைத்த மக்கள். கால் வைப்பதற்கு எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று வைத்து நான்கில் நிற்கவேண்டும். ஐந்து, ஆறு, ஏழு வைத்து எட்டில் நிற்கவேண்டும். அவ்வளவுதான் அடிப்படை.

எங்களைப் பிடித்து நிறுத்தியது அவர்களின் கால் இல்லை, அவர்கள் கூடுகிற முறை. உலகத்தில் எந்த நகரத்தில் சல்சாக்காரர் கூடினாலும் அநேகமாக ஒரே ஒழுங்குதான். கிழமைக்கு ஒரு நாள் குறித்திருப்பார்கள். முதல் ஒரு மணித்தியாலம் புதிதாக வந்தவர்களுக்குப் பழக்குவார்கள். பிறகு பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் ஆடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'சோஷல்'. அங்கே மேடை இல்லை, பிரதம அதிதி இல்லை, மாலை இல்லை, அறிவிப்பாளர் இல்லை. வங்கி முகாமையாளரும் ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவரும் ஒரே தளத்தில் நிற்பார்கள். நன்றாகத் தெரிந்தவர் தெரியாதவரைக் கூப்பிட்டு ஆடுவது அங்கே மரியாதை. பார்க்கிறவர் ஒரு கூட்டம், ஆடுகிறவர் வேறு கூட்டம் என்ற பிரிவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஹவானாவில் 1950களில் 'கஸீனோ' என்று ஒரு ஆட்டமுறை உண்டாகி, அதிலிருந்து 'றுவேடா' வந்தது. றுவேடா என்றால் சக்கரம். சோடி சோடியாக வட்டத்தில் நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுப்பார். அவர் சொல்லுகிற சொல்லுக்கு எல்லோரும் ஒரே நொடியில் அடி மாற்றி, பக்கத்துச் சோடிக்கு மாறிப் போவார்கள். குரல் பிழைத்தால் சக்கரம் குலையும்.

இதை நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணாவியார் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவனுகளுக்கு பொல்லு எங்க?"

பொல்லைக் கொடுத்து, சோடியில் பெண்ணை எடுத்துவிட்டு ஆணை நிறுத்தினால் அது அச்சொட்டாக நம்முடைய ஆட்டம். இரட்டைப்படையில் ஆள், வட்டம், அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் படிப்பது, அடி மாறும்போது ஆளும் மாறுவது, மெதுவாகத் தொடங்கி வேகம் கூடிக் கூடிப் போவது. பொல்லு தவறினால் பக்கத்தவனின் விரல் வீங்கும், அதனால் ஒருவனும் தன்பாட்டில் ஆடமுடியாது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, மருதமுனை, காத்தான்குடி, மூதூர், கிண்ணியா என்று கிழக்கில் எந்த முஸ்லிம் ஊரிலும் வயதானவர்களைக் கேளுங்கள், ஒரு அண்ணாவியாரின் பெயராவது சொல்வார்கள்.

அது எப்படி இருந்தது என்பதை எங்கள் அண்ணாவியார் சொல்லித்தான் நாங்கள் அறிவோம். வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் காசு இருக்கிற காலம். மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போகிற இரவு. பெற்றோமக்ஸ் வெளிச்சம் முன்னால், அதற்குப் பின்னால் பொல்லடி, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை. சந்திக்குச் சந்தி நின்று ஆடுவார்கள். கால் மைல் தூரம் போக ஒன்றரை மணித்தியாலம் ஆகும், யாருக்கும் அவசரமில்லை. களைத்தவன் வட்டத்தை விட்டு வெளியே வருவான், வெளியே நின்றவன் பொல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போவான். சின்னப் பையன்கள் ஓரத்தில் தடியை முறித்து வைத்துத் தட்டித் தட்டியே பழகிவிடுவார்கள். வளவுக்குள்ளே பெண்கள் குரவை இடுவார்கள். "பழக்கினதெண்டு ஆருமில்ல மனே, பாத்துப் பழகின" என்பார் அவர். சல்சாக்காரரின் 'சோஷல்' என்பது இதுதான். நம்மிடம் அது அறுபது எழுபது வருடத்துக்கு முன்னே நம் ஒழுங்கையில் நடந்தது.

இப்போது எங்கே நடக்கிறது? வாகனம் வந்து நிற்கிற இடத்தில்.

போன வருடம் ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்கு எங்கள் பையன்களைக் கேட்டார்கள். காலை 9 மணிக்கு நிற்கவேண்டும் என்றார்கள். அதிதி வந்தது 11.40க்கு. பச்சை உடுப்பும் தலைப்பாகையும் கட்டிய பிள்ளைகள் அத்தனை நேரமும் வெயிலில். வந்தவர் இறங்கினார், போன் பேசிக்கொண்டே வட்டத்தின் நடுவால் நடந்து போனார். பாட்டு இரண்டாவது அடியில் நின்றது, ஏனென்றால் அவருக்குப் பின்னால் போன பரிவாரத்துக்கு வழி விடவேண்டியிருந்தது. மொத்தம் நாற்பது செக்கன் ஆடியிருப்பார்கள். அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடை, பையன்களுக்குச் சோத்துப் பார்சல். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது, "பாரம்பரிய பொல்லடியுடன் மகத்தான வரவேற்பு" என்று. படத்தில் பொல்லு தெரிந்தது. பிடித்திருந்த பிள்ளையின் முகத்தை அதிதியின் தோள் மறைத்திருந்தது.

இது எங்கள் ஒரு ஊர்க் கதை என்று நினைக்கவேண்டாம். மற்ற ஊர் அண்ணாவியார்களோடு பேசியிருக்கிறோம், எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. கலியாணத்தில் ஆடுகிற ஆட்டத்தை எடுத்து வரவேற்பு வளைவுக்குப் பக்கத்தில் வாழைமரம் மாதிரி நட்டுவைத்திருக்கிறோம். விழா முடிந்தால் வாழைமரத்தை வெட்டி எறிவது வழக்கம்தானே.

பொல்லடியைக் கொன்றது சல்சாவும் இல்லை, டீ.ஜே.யும் இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். ஆடுகிறவனின் இடத்தை எடுத்துப் பார்க்கிறவனுக்குக் கொடுத்தோம். பார்க்கிறவன் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்கமாட்டான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு அடி போதும், மிச்ச அடிகள் எதற்கு? அண்ணாவியாருக்குத் தெரிந்த அடிவகைகளில் கால்வாசிகூட இன்றைக்கு ஆடப்படுவதில்லை, ஏனென்றால் அவற்றை ஆடி முடிக்கிற அளவு நேரம் எந்த மேடையிலும் கிடைப்பதில்லை. பாட்டுகளும் அப்படித்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் திரிந்து நம் நாட்டார் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். அல்லாஹ் அந்த உழைப்பைப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் புத்தகத்தில் பாட்டுத்தான் இருக்கும். எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லில் பொல்லு விழுவது என்பது ஆடுகிற ஆளின் உடம்பில்தான் இருக்கும்.

இனி மார்க்கத்தின் பெயரால் வருகிற கேள்வி. இதை நாங்கள் தட்டிக் கழிக்கப் போவதில்லை. நாங்கள் ஆலிம்கள் இல்லை, பத்வா கொடுக்கிற தகுதியும் எங்களுக்கு இல்லை. ஆனால் ஓதத் தெரியும். பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலே ஈட்டிகளோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுக்கு அதைக் காட்டி, அவர்களாகப் போதும் என்கிறவரை நின்றுகொடுத்ததும் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தடுக்கப் போன உமர் (ரழி) அவர்களிடம் அவர்களை விட்டுவிடும்படி சொன்னதும் இருக்கிறது. நிக்காஹ்வை ஊரறியச் செய்வதற்குத் தஃப் அடிப்பது பற்றியும் ஆலிம்கள் பேசியிருக்கிறார்கள். இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்றால் அதற்குரிய மரியாதையோடு கேட்கத் தயார். சில பழைய பாட்டுகளில் அகீதாவுக்கு ஒவ்வாத வரி இருக்கிறது என்று ஒரு மௌலவி எங்களுக்குச் சொன்னார். அந்த வரியைப் படிக்காமல் விட்டோம். பிரச்சினை முடிந்தது. வரியைத் திருத்தலாம், அதற்காகப் பொல்லை அடுப்பில் வைக்கத் தேவையில்லை.

எங்களுக்கு விளங்காதது வேறு. பொல்லடி ஹராம் என்று கலியாண வீட்டில் தடுத்த அதே ஆட்கள், அடுத்த மாதம் அமைச்சர் வரும்போது "பொல்லடிக்காரருக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்கிறார்கள். கலியாண வீட்டில் ஹராமானது அமைச்சரின் வாகனத்துக்கு முன்னால் எப்படி ஹலாலாகிறது? இந்த மஸ்அலாவுக்கு யாராவது விளக்கம் தந்தால் நன்றாக இருக்கும்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இன்னொரு வகையான அழைப்பும் வரத் தொடங்கியது. நல்லிணக்க விழா, சகவாழ்வு விழா. நல்ல மனதோடு கூப்பிடுகிறவர்கள் அதில் நிறையப் பேர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடைகளில் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும். "இதுதான் அசல் இலங்கை முஸ்லிம், முன்பு இப்படித்தான் இருந்தீர்கள்." பாராட்டு மாதிரி இருக்கும், உள்ளே ஒரு முள் இருக்கும். பொல்லு பிடித்தவன் நல்ல முஸ்லிம், பிடிக்காதவனைச் சந்தேகி என்று அதற்குப் பொருள். அந்தக் கணக்குக்கு நாங்கள் வரமாட்டோம். எங்கள் ஊரில் பொல்லடியைக் கடுமையாக எதிர்க்கிற ஒரு ஹஸரத் இருக்கிறார். அந்த மே மாதம் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, பயந்துபோயிருந்த குடும்பங்களோடு இரவெல்லாம் இருந்தவர் அவர்தான். அவரை விட நாங்கள் நல்லவர்கள் என்று காட்டுவதற்கு எங்கள் பொல்லைப் பாவிக்க யாருக்கும் இடமில்லை. நாங்கள் ஆடுவது ஆட ஆசையாக இருப்பதால். அது எங்களுடைய நற்சான்றுப் பத்திரம் இல்லை.

"பிள்ளைகள் படிக்கட்டும் சேர், இதெல்லாம் என்னத்துக்கு" என்று சொல்கிற பெற்றோரிடமும் கொஞ்சம் பேசவேண்டும், ஏனென்றால் எங்களில் மூவருக்குத் தொழிலே அதுதான். எங்கள் பையன்களில் ஒருவன் வகுப்பில் 40 நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் கதிரையில் இருக்கமாட்டான். எல்லா ஆசிரியரும் கைவிட்ட பிள்ளை. வட்டத்தில் நின்றால் ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் அண்ணாவியாரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பதினொரு பேரின் கையைத் தன் காதால் கணக்கெடுக்கிறான். இதனால் அவன் கணிதத்தில் சித்தியடைவான் என்று பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் மஃரிபுக்குப் பிறகு கடற்கரை ஓரத்து இருட்டில் யார் யார் என்ன விற்கிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். ஐஸ் வாங்க நிற்கிற பிள்ளைகளின் பெயரும் தெரியும். சனிக்கிழமை அந்த நேரத்தில் இந்தப் பன்னிரண்டு பேர் எங்கே நின்றார்கள் என்று எங்களால் சொல்லமுடியும்.

கேரளத்தைப் பாருங்கள். மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் கோல்களி என்று நம் பொல்லடிக்கு உடன்பிறப்பு மாதிரி ஒரு ஆட்டம் இருக்கிறது. தஃப்முட்டு இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு ஒப்பனை இருக்கிறது. மாநிலப் பாடசாலைக் கலைவிழாவில் இவையெல்லாம் போட்டி நிகழ்ச்சிகள். முஸ்லிம் அல்லாத பிள்ளைகளும் பழகி வருகிறார்கள். அங்கேயும் போட்டிக்காக ஆடுவது என்ற குறை இருக்கத்தான் செய்யும், ஆனால் ஒரு தலைமுறைக்குக் கை பழகியிருக்கிறது. நம்மிடம் பெண்பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? குரவை இடத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் மிச்சம்? நம் உம்மாமார் கவி சொல்லிச் சொல்லியே சண்டையும் பிடித்து ஆசையும் சொன்ன ஊர் இது. இதைத் தனியாக எழுதவேண்டும். எங்களோடு வேலை செய்கிற டீச்சர்மார் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களே எழுதினால்தான் சரி.

காசுப் பேச்சையும் பேசிவிடுவோம். இன்று நம்மூர்க் கலியாணத்தில் மண்டபம், மேடை அலங்காரம், வீடியோ, டிரோன் என்று இலட்சக்கணக்கில் போகிறது. கடன் வாங்கியும் போகிறது. டிரோன் வந்து வலீமா சோத்துக்கு மேலே சுற்றும்போது ஒருவரும் ஹராமா ஹலாலா என்று கேட்பதில்லை. அண்ணாவியார் ஒரு இரவுக்கு ஏதாவது தாருங்கள் என்று வாய் திறந்தால் மட்டும், "இது எங்கட கலாசாரம்தானே, இதுக்கும் காசா?" என்கிறார்கள். கலாசாரம் அவருடையது மட்டுமா? மாவு, மருந்து, கரண்ட் பில் எல்லாம் அவருக்கும் அதே விலைதான்.

ஆகவே எங்கள் முடிவுகளைச் சொல்கிறோம். இவை எங்கள் பன்னிரண்டு பேரைக் கட்டுப்படுத்தும், மற்ற ஊர்க்காரர் யோசிக்கட்டும்.

இனிமேல் எந்த அரசியல்வாதியின், எந்த அதிகாரியின் வரவேற்புக்கும் நாங்கள் வரமாட்டோம். கட்சி பார்த்துச் சொல்லவில்லை, எல்லாருக்கும் ஒரே பதில்தான். அடுத்த மாத விழாவுக்கு வந்த கடிதத்துக்கும் அந்தப் பதில் போய்விட்டது. இதனால் பாடசாலையில் எங்கள் மூவருக்கும் என்ன வரும் என்று தெரியும், அதையும் பார்த்துக்கொள்கிறோம்.

கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் வருவோம். ஆனால் மண்டபத்து மேடையில் ஏறமாட்டோம். ஒழுங்கையிலோ முற்றத்திலோ அரை மணித்தியாலம் தரவேண்டும், வீட்டுக்காரரில் குறைந்தது நான்கு ஆண்கள் பொல்லுப் பிடிக்கவேண்டும். மாப்பிள்ளையின் மச்சானும் காக்காவும் ஆடாத கலியாணத்தில் நாங்கள் மட்டும் ஆடி என்ன? அடி தெரியாவிட்டால் பரவாயில்லை, அங்கேயே சொல்லித் தருவோம். பெண் வீட்டார் கையில் காசில்லை என்றால் எங்களுக்கும் காசு வேண்டாம். டிரோன் வைத்திருக்கிறவர்கள் அண்ணாவியாருக்கு உரியதைக் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

பெருநாள் மறுநாள் பின்னேரம் மைதானத்தில் வட்டம் போடுவோம், இன்ஷா அல்லாஹ். ஒலிபெருக்கி இல்லை, பெனர் இல்லை, கதிரையும் இல்லை. பார்க்க வருகிறவர் நிற்கவேண்டும், நின்று அலுத்தால் பொல்லை எடுக்கவேண்டும்.

சனிக்கிழமை பழக்கம் வழமைபோல அஸர் தொழுகைக்குப் பிறகு, மைதானத்தின் மேற்குப் பக்கம், வேம்புக்குக் கீழே. வயது எல்லை இல்லை. போன மாதம் ஒரு வாப்பாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள், மகன் வேகமாகப் பிடித்துக்கொண்டான், வாப்பாவுக்கு இன்னும் மூன்றாவது அடியில் கை தடுமாறுகிறது. மேலதிகமாக ஆறு சோடிப் பொல்லு இருக்கிறது. மேசன் வேலை செய்கிற நம் தம்பிதான் தச்சுப் பட்டறைக்குப் போய்க் கடைந்து எடுத்து வந்தார். மறுப்புச் சொல்ல இருக்கிறவர்களும் வாருங்கள், கொமண்டில் எழுதாமல் நேரில் வந்து சொல்லுங்கள். பிளேன்டீ இருக்கும்.

ஆள் இப்போது பதினொன்று. ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பி கட்டாருக்குப் போகிறார். சோடி சேர ஒருவர் குறைகிறது.